சவுரியம்மாளின் பத்து நிமிடம்

போன மாதம் ஒரு நாள் காலை, அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. தெரியாத எண். எடுத்தேன். “ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? சாப்டாச்சுங்களா?” என்று ஒரு பெண் குரல். நடுத்தர வயது, கொஞ்சம் கரகரப்பு. கல்யாண மண்டபத்தில் நம்மைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று விசாரிக்கும் அத்தைமார்களின் குரல். எனக்கு மனசு இளகிவிட்டது. “இன்னும் இல்லீங்க, இப்பத்தான் வெச்சிருக்கேன். நீங்க யாருன்னு தெரியலீங்களே” என்றேன். நான் சொன்னதைக் காதிலேயே வாங்காமல், அன்னூர்ப் பக்கம் தார் ரோடும் தண்ணீர் வசதியும் உள்ள வீட்டுமனைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தது அந்தக் குரல். இயந்திரம்.

இயந்திரத்திடம் போய் இட்லி வேகிற கதையைச் சொன்னேனே என்ற வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அன்றைக்கு முழுவதும் என்னை அரித்தது வேறு. அந்த ‘ங்க’ அசல். அதை எங்கோ ஒரு அம்மாவின் வாயிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். எந்த அம்மா? எதற்கென்று சொல்லி எடுத்தார்கள்? மனை விற்கப் போகிறோம் என்று சொன்னார்களா, இல்லை ஏதாவது ஆராய்ச்சி, படிப்பு என்று சொன்னார்களா? மொழியியல் படித்தவர்களுக்கு இப்படிச் சந்தேகம் வருவது ஒரு தொழில் வியாதி. எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலையில் இருப்பதற்குக் காரணம், ஒரு காலத்தில் நானும் படிப்பின் பெயரைச் சொல்லி ஒரு அம்மாவின் குரலை வாங்கிக்கொண்டு வந்தவள்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோவையில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். தமிழ்த் துறையில் முதுகலை முதலாண்டு மாணவர்களுக்கு ‘மொழியியல் அறிமுகம்’ என்று ஒரு தாள் இருந்தது. அதை நடத்த ஆள் இல்லாமல், ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று என்னை எடுத்தார்கள். எனக்கு இருபத்தாறு வயது. கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டினால் முப்பது போலத் தெரியும் என்று யாரோ சொன்னதை நம்பி, வெயில் காலத்திலும் மொடமொடவென்று போய் நின்றேன்.

வகுப்பில் இருபத்தெட்டு பேர். முதல் நாளிலிருந்தே என்னை நம்பவில்லை. “அஞ்சு வருசமா இலக்கணந்தானுங்க மேடம் படிச்சிருக்கோம். இது எதுக்குங்க புதுசா?” என்று ஒருவன் கேட்டான். நான் ஒலியியல் குறிகளைப் பலகையில் எழுதியபோது, சுருக்கெழுத்து சொல்லித்தருகிறேன் என்று பின் வரிசையில் பேசிக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய சந்தேகம், நான் சொன்ன ஒரு வாக்கியத்தால் வந்தது. “எந்தப் பேச்சும் தப்பில்லை. வீடு என்று சொல்வதும் ஊடு என்று சொல்வதும் மொழியியலுக்கு ஒன்றுதான்” என்றேன். புரட்சி செய்துவிட்டதாக நினைப்பு. முன் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, “அப்பப் பரீட்சையில ஊடுன்னு எழுதலாங்களா?” என்று கேட்டாள். கூடாது என்றேன். “அப்புறம் எப்படிங்க மேடம் ரெண்டும் ஒண்ணு?” என்றாள். பள்ளிக்கூடம் முழுக்க சிவப்பு மையில் அடிபட்டு வந்த பிள்ளைகளிடம், அடித்த ஆசிரியர் இனத்தைச் சேர்ந்த ஒருத்தி வந்து ‘அது தப்பே இல்லை’ என்றால், இதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதானே தோன்றும்.

அந்த நம்பிக்கையின்மையை உடைக்க ஒரு வித்தை காட்டினேன். “ஒவ்வொருத்தரும் நேத்து என்ன செஞ்சீங்கன்னு ரெண்டு வரி பேசுங்க. நீங்க எந்த ஊர்ன்னு நான் சொல்றேன்” என்றேன். ஒருத்தன் பேசினான், வால்பாறை என்றேன். இன்னொருத்தி பேசினாள், பவானி என்றேன். மூன்றாவது பையன், ரஃபி என்று பெயர், வாயைத் திறந்ததுமே நகரத்தின் பழைய தெருக்களில் ஒன்றைச் சொன்னேன். வகுப்பு அசந்துபோனது. ஜோசியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அந்த வித்தையில் பாதி உண்மை. போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள் நான். எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் மலையாளம், எதிரில் திருநெல்வேலித் தமிழ். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பேச்சு வைத்துக்கொண்டு, முறுக்கு தருகிற வீட்டில் அவர்கள் மாதிரியே பேசி இரண்டு முறுக்காக வாங்குகிற சாமர்த்தியம் எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. ஆகவே காது கொஞ்சம் கூர்மைதான். ஆனால் மீதிப் பாதியை இப்போது ஒப்புக்கொள்கிறேன். முந்தின நாள் துறை அலுவலகத்தில் உட்கார்ந்து, மாணவர் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டி, யார் எந்த ஊர் என்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

கடைசி வரிசையின் ஓரத்தில் ஸ்டெல்லா இருந்தாள். ஒல்லியான பெண், நோட்டில் அச்சடித்தது போன்ற கையெழுத்து. அவள் முறை வந்தபோது எழுந்து நின்றாள், பேசவில்லை. “சும்மா ரெண்டு வரி” என்றேன். “ஊர் மட்டும்தான் கண்டுபிடிப்பீர்களா, மேடம்?” என்று கேட்டாள். எழுத்துத் தமிழுக்கு ஒரு அங்குலம் பக்கத்தில் நிற்கிற தமிழ். எந்த ஊரும் அதில் இல்லை.

நான் அதைக் குறும்பு என்று எடுத்துக்கொண்டு, “வேறென்ன கண்டுபிடிக்கணும்?” என்று சிரித்தேன். வகுப்பில் சிலர் சிரித்தார்கள், சிலர் சட்டென்று டெஸ்க்கைப் பார்த்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பதிவேட்டில் ஊர் என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே சாதி என்ற கட்டமும் இருந்தது. முந்தின நாள் ஊரைத் தேடிய என் கண், பக்கத்துக் கட்டத்தையும் பார்த்திருந்தது. பார்த்ததை நான் பொருட்படுத்தவில்லை என்றுதான் அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பருவத்துக்குச் செய்முறை வேலை ஒன்று கொடுத்தேன். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டிலோ தெருவிலோ வயதான ஒருவரைப் பத்து நிமிடம் பேசவைத்துப் பதிவுசெய்துவர வேண்டும். துறையில் மூன்று டேப் ரெக்கார்டர்கள் இருந்தன. பழுப்பு ரெக்சின் உறை போட்டவை. உறையைத் திறந்தால் புதுச் செருப்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது பழைய ரெக்சின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு அந்த வருஷம் ஞாபகம் வந்துவிடுகிறது.

பேச்சைப் பிடித்துவரப் போன பிள்ளைகளை ஊர் சும்மா விடவில்லை. ஒரு கிராமத்தில் ரேஷன் கார்டைக் குறைக்க வந்திருக்கிறார்கள் என்று கதவைச் சாத்தினார்கள். இன்னொரு இடத்தில் ரோடு அகலப்படுத்த நிலம் அளக்க வந்தவன் என்று நினைத்து, ஒரு பெரியவர் பத்து நிமிடமும் தன் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்றே பேசியிருந்தார். நல்ல பதிவு அது. ரஃபியின் அனுபவம்தான் சிரிப்பும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் ஒரு மாதிரி இருந்தது. ரெக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு தன் தெருவிலிருந்து வெளியே வருகிற முனையில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தியிருக்கிறார். “பையில என்ன ஒயரு?” இவன் பாடம் என்றிருக்கிறான். அவர் நம்பவில்லை. கடைசியில் அங்கேயே வைத்துப் பொத்தானை அழுத்திக் காட்டியிருக்கிறான். அவனுடைய பெரியத்தா, அதாவது பெரியப்பா, பூட்டு ரிப்பேர் செய்பவர், பூட்டின் பாகங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். போலீஸ்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, “சாவி தொலைஞ்ச பீரோவத் தொறந்து குடுப்பாராப்பா?” என்று விசாரித்தாராம். வகுப்பு கைகொட்டிச் சிரித்தது. ரஃபி மட்டும், “அம்மா இனிமேல் அந்த மிசின ஊட்டுக்குக் கொண்டாராதேன்னுட்டாங்க மேடம்” என்றான்.

ஸ்டெல்லா தன் கேசட்டைக் கடைசி நாளன்று கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். மேலே ‘பக்கத்து வீட்டு அம்மா, வயது 55’ என்று எழுதியிருந்தது. நான் கேட்பதற்கு முன்னால் எங்கள் துறைத்தலைவர் கேட்டுவிட்டார். அவர் கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டம் உள்ள குடும்பம். பிள்ளைகளின் கேசட்டுகளைப் பொழுதுபோகாத மத்தியானங்களில் போட்டுக் கேட்பார். என்னைக் கூப்பிட்டனுப்பி, “இதுதானம்மா அசல் கொங்குப் பேச்சு. எங்க பெரியம்மா பேசற மாதிரியே இருக்குது. யாரு ஊட்டு அம்மான்னு அந்தப் புள்ளையக் கேளு. துறை விழாவுல இதைத்தான் போடறோம்” என்றார்.

நானும் கேட்டேன். உண்மையிலேயே அழகான பேச்சு. நிதானம், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு சின்ன இழுப்பு, அதிகாரத்தில் ஊறிய மரியாதை. ‘எங்க தோட்டத்துல ரெண்டு கெணறுங்க’ என்கிறது குரல். ‘பண்ணயத்து ஆளுங்க வந்தாங்கன்னா காலைல கஞ்சி ஊத்திப்போட்டுத்தானுங்க நாங்க சாப்பிடறது’ என்கிறது. எனக்குள் இருந்த துப்பறிபவள் விழித்துக்கொண்டாள். ஸ்டெல்லாவின் முகவரி எனக்குத் தெரியும். அவள் வீடு ஊருக்கு வெளியே, தோட்டக் கூலிக்குப் போகிறவர்கள் இருக்கிற காலனியில். அங்கே பக்கத்து வீட்டில் இரண்டு கிணறு எப்படி வரும்? இவள் காலனியில் யாரையும் பதிவு செய்யவே இல்லை, ஏதோ பெரிய வீட்டில் போய் எடுத்துவந்திருக்கிறாள், தன் இடத்தை மறைக்கிறாள் என்று முடிவுகட்டினேன்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். “இது உங்க பக்கத்து வீட்டு அம்மா இல்லையே” என்றேன்.

“எப்படி மேடம் சொல்கிறீர்கள்?”

“பேச்சைக் கேட்டாலே தெரியுதே. உங்க பக்கம் இப்படிப் பேச மாட்டாங்க.”

“எங்கள் பக்கம் என்றால் எது மேடம்? ஊரா?” என்றாள்.

காது மடல் சுட்டது ஞாபகம் இருக்கிறது. முதல் நாள் அவள் கேட்ட கேள்விக்கு நான் அன்றைக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறேன் என்பது, சொல்லி முடித்த பிறகு எனக்கே கேட்டது.

“அது எங்க அம்மா, மேடம்” என்றாள் ஸ்டெல்லா. அவள் பேச்சு முதல் முறையாகச் சற்றுத் தளர்ந்தது. “வேணும்னா வந்து பாருங்க.”

அவள் கூப்பிட்ட விதத்தில் விருந்தோம்பல் இல்லை; சவால்தான் இருந்தது. நான் போனேன். ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் கோயில் பூசை முடிந்து வந்துவிடுகிற நேரமாகப் பார்த்து, உக்கடத்தில் பஸ் ஏறிப் போய் இறங்கினேன். தென்னந்தோப்புகளுக்கு நடுவில் மண் பாதை. பாதையின் கடைசியில் இருபது முப்பது வீடுகள், குகை மாதிரி கட்டி, சாமந்தி மாலை போட்ட ஒரு சின்ன மாதா கெபி. ஸ்டெல்லாவின் வீட்டை நெருங்கும்போது பின்பக்கத்தில் ஒரு பெண் யாரையோ சத்தமாக வைதுகொண்டிருந்தாள். ஆட்டையா, மகனையா, தெரியவில்லை. வேகமான, சிரிப்பும் கோபமும் கலந்த பேச்சு. நான் அதுவரை எந்தக் கேசட்டிலும் கேட்டிராத ஏற்ற இறக்கம். என் செருப்புச் சத்தம் கேட்டதும் அது நின்றுவிட்டது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்த சவுரியம்மாள், “வாங்க டீச்சருங்க, உக்காருங்க” என்றார். கேசட்டில் இருந்த அதே குரல். அதே நிதானம், அதே இழுப்பு.

அவருக்கு ஐம்பத்தைந்து எல்லாம் இருக்காது. வெயிலில் காய்ந்த உடம்பு, நேரான பார்வை. என் பையை அவர் பார்த்த பார்வையில், உட்காருவதற்கு முன்னால் அதை வாசலுக்கு வெளியே வைத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றிவிட்டது. “மிசின் கொண்டாந்திருக்கீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “பையத் தொறந்து காட்டுங்க, கோவிச்சுக்காதீங்க” என்றார். குடை, தண்ணீர் பாட்டில், ஒரு டஜன் வாழைப்பழம். எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினேன். பழத்தை வாங்கிக்கொண்டார்.

ஸ்டெல்லா கதவோரம் நின்றாள். சவுரியம்மாள் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். பண்ணாடி வீட்டில், அதாவது தோட்டத்துக்குச் சொந்தக்காரர் வீட்டில், இருபத்தைந்து வருஷமாக வேலை. அந்த வீட்டம்மா பேசுவதைத் தினமும் கேட்டுக்கேட்டு அது அப்படியே வாயில் ஒட்டிக்கொண்டது. களை எடுக்கிற இடத்தில் மற்ற பெண்கள், ‘சவுரி, அந்தம்மா மாதிரி பேசிக் காட்டு’ என்பார்கள். பேசிக் காட்டினால் சிரித்துச் சிரித்து வேலை ஓடிவிடும். “புள்ள மிசினக் கொண்டாந்து பேசு பேசுன்னுச்சுங்க. மிசின்ல பேசறதுன்னா எம் பேச்சா பேசறது? அவங்க பேசறதுதான நல்லா இருக்குமுன்னு பேசிப்போட்டேன். நல்லா வந்திருக்குதுங்களா?” என்றார். கடைசிக் கேள்வியில் ஒரு கலைஞரின் பெருமை இருந்தது. மறைக்க முடியாத பெருமை.

“ரொம்ப நல்லா வந்திருக்குங்க” என்றேன். பொய் இல்லை. எங்கள் துறைத்தலைவருக்கே தன் பெரியம்மாவை ஞாபகப்படுத்திய குரல்.

அவர் கேட்டதையும் விழாவில் போடப்போவதையும் சொன்னதும் சவுரியம்மாளின் முகம் மாறியது. “அவரு எந்த ஊருங்க?” என்று கேட்டார். சொன்னேன். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தோட்டக்காரர் குடும்பத்துக்கும் அவர் குடும்பத்துக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விழாவில் அந்தக் கேசட்டைப் போட்டால், கேட்கிற யாராவது ஒருத்தருக்கு அந்த வீட்டம்மாவின் பேச்சு அடையாளம் தெரியும். யார் பேசியது என்று விசாரிப்பார்கள். வேலைக்காரி எங்கள் வீட்டுப் பொம்பிளை மாதிரி நடித்துக் காட்டியிருக்கிறாள் என்று ஆகும். “நாங்க ஊடு கட்டியிருக்கறதே அவங்க தோட்டத்து ஓரத்துலதானுங்க டீச்சரு. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்றார்.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க” என்றேன்.

“நீங்க சொல்ல மாட்டீங்க. அது சொல்லுமில்லீங்க.”

பழத்தை ஓரமாக வைத்துவிட்டு, “எம் பேரு சவுரியம்மாளுங்க. கணக்கெடுக்க வந்தவரு கார்டுல சவுரின்னு எழுதிட்டுப் போயிட்டாரு. அதுலருந்து எங்க போனாலும் சவுரிதான். எடுத்துட்டுப் போறவிய நல்லவியளாத்தான் இருப்பீங்க. போன எடத்துல அது என்னாகுதுன்னு உங்களுக்கே தெரியாது. அழிச்சுப்போடுங்க” என்றார். அழித்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பஸ் வரைக்கும் ஸ்டெல்லா வந்தாள்.

மறுநாள் துறைத்தலைவரிடம் கேசட்டைத் திருப்பிக் கேட்டேன். “எதுக்கும்மா?” என்றார். சரியாகப் பதிவாகவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். “நான் மூணு தடவை கேட்டிருக்கேன். இதைவிட நல்லா எப்படிப் பதிவாகும்? உன்ற ஆராய்ச்சிக்கு வேணும்னா நேரா கேளு. துறைச் சொத்து, வெளிய போகாது.” நான் திருடிக்கொண்டு போய்ப் பட்டம் வாங்கப் போகிறேன் என்று அவருக்குச் சந்தேகம். உண்மைக் காரணத்தைச் சொல்ல எனக்கு வழி இல்லை. அவரிடம் சொல்வதும் தோட்டத்து வீட்டில் போய்ச் சொல்வதும் ஒன்றுதான்.

கேசட்டுகள் இருந்த அலமாரிக்கு ரெக்கார்டர் எடுக்கிற சாக்கில் நான் போகலாம். ஒரு புதன்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் ரெக்கார்டரையும் அந்தக் கேசட்டையும் எடுத்துக்கொண்டு காலியான வகுப்பறைக்குப் போனேன். கேசட்டைப் போட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தி, மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். குரலின்மேல் வெறுமையைப் பதிவுசெய்வதுதான் அழிக்கிற முறை. பத்து நிமிடம் நான் இருமக்கூட இல்லை. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’கென்றது. வெளியே காக்கைகள். யாரோ வராந்தாவில் டிபன் பாக்ஸைக் கழுவினார்கள். அத்தனை நல்ல பதிவை அழிக்கிறோமே என்று, படித்த படிப்பு உள்ளுக்குள் அழுதது. இடையில் இரண்டு தடவை நிறுத்தக் கை போனது. நிறுத்தவில்லை.

சாயந்திரம் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். “நான் கேட்கலாமா, மேடம்?” என்றாள். அதே வகுப்பறையில் வைத்துக் கொடுத்தேன். ரெக்கார்டரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு பத்து நிமிடமும் கேட்டாள். விசிறியையும் காக்கையையும் ஒரு நொடி விடாமல் கேட்டாள். முடிந்ததும் கேசட்டை எடுத்து மறுபக்கம் திருப்பிப் போட்டு அதையும் கேட்டாள். பிறகு, “வேற கேசட்ல ஏத்தி வெச்சிருக்கீங்களா, மேடம்?” என்றாள். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று எனக்கு இன்றும் தெரியாது.

துறை விழாவில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன் வரிசையில் துறைத்தலைவரின் உறவுக்காரர்கள் நாலைந்து பேர். “இப்ப நம்ம மண்ணோட அசல் பேச்சைக் கேளுங்க” என்று சொல்லி, ஒலிபெருக்கிக்கு முன்னால் ரெக்கார்டரை வைத்துப் பொத்தானை அழுத்தினார். எனக்குப் பக்கத்தில் ஸ்டெல்லா நின்றிருந்தாள். மண்டபம் முழுக்க விசிறி சுற்றியது. டக், டக். அப்புறம் காக்கை. யாரோ சிரித்தார்கள். கேசட்டை முன்னால் ஓட்டிப் பார்த்தார், பின்னால் ஓட்டிப் பார்த்தார். காக்கைதான்.

விழா முடிந்ததும் ஸ்டெல்லாவை அறைக்குக் கூப்பிட்டார். “அலமாரிப் பக்கம் போனியா? கேசட்டை மாத்துனியா?” என்று அவளைக் கேட்க ஆரம்பித்ததும் நான் உள்ளே போனேன். “நான்தான் சார். கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்திட்டேன்” என்றேன். “பத்து நிமிசம் கை தவறுமா?” என்று கேட்டார். ஸ்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மதிப்பெண் போட்டார்கள். நான் மூலப் பதிவை எங்கோ விற்றுவிட்டேன் என்று துறையில் ஒரு பேச்சு உலவியது. அடுத்த ஜூன் மாதம் ஆள் எடுத்தபோது என் பெயர் இல்லை. போத்தனூர் வீட்டில், என்ன நடந்தது என்று அம்மா கேட்டபோது, அவளிடமும் கை தவறியது என்றே சொன்னேன். அவளும் நம்பவில்லை.

அதற்குப் பிறகு நான் வேறு வேலைகளுக்குப் போய்விட்டேன். பாடப்புத்தகப் பதிப்பகம், பிழை திருத்தம், இப்படி. பேச்சைப் பிடிக்கிற வேலைக்கு மட்டும் மறுபடி போகவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் ஒரு பெண் என் முன்னால் வந்து நின்று, “மேடம், ஞாபகம் இருக்குதுங்களா?” என்றாள். ஸ்டெல்லா. வால்பாறையில் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. முன்தலை நரைத்திருந்தது. மலைக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, டீ குடித்தோம். தோட்டக்காரர் வீட்டில் அந்த அம்மா இறந்துவிட்டார்களாம், மகன் நிலத்தை விற்றுவிட்டு வெளிநாட்டில் இருக்கிறானாம். காலனி இருந்த இடத்தின்மேல் நாலு வழிச் சாலை போகிறது. மாதா கெபியைக்கூடப் பெயர்த்து எங்கோ தள்ளி வைத்துவிட்டார்கள். தன் அம்மா இறந்தும் ஐந்து வருஷம் ஆகிறது என்றாள்.

அப்போது எனக்கு அந்தப் புதன்கிழமை மத்தியானம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. “அன்னிக்கு நான் அழிக்காம இருந்திருந்தா…” என்று தொடங்கினேன்.

“அது இருந்தாலும் என்னங்க மேடம். அது அந்தம்மா பேச்சுதானே. எங்க அம்மா பேச்சு அதுல ஏது?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். “அம்மா எங்களை வையறது எப்படின்னு தம்பிக்கும் எனக்கும் சண்டைங்க. அவன் ஒரு மாதிரி சொல்றான், நான் ஒரு மாதிரி சொல்றேன். ரெண்டும் அது இல்லை.”

பஸ்ஸில் ஆள் ஏற ஆரம்பித்தார்கள். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பையை எடுத்தாள்.

“ஊட்டுல யாருமில்லாதப்ப அம்மா வையற மாதிரி நானே பேசிப் பாத்தேனுங்க. ஒரு நாள் எம் பொண்ணு கேட்டுட்டா. ‘ஏம்மா யாரோ மாதிரி நடிக்கறே’ன்னா. அதோட விட்டுட்டேன்.”